பிளாஸ்டிக் பலகையைக் கழற்றிச் சிமெண்ட் பூசுவதற்கு முன்

என் பெரியம்மாவின் வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு வெளியேறிய கையோடு பெரியப்பா கட்டிய வீடு. இடுப்பளவுக்குச் செங்கல், அதற்கு மேல் மரச்சட்டமும் பலகையும், தலைக்குத் தகரம். நம் ஊர்ப் பக்கங்களில் இப்படிப் பாதிக் கல்லும் பாதிப் பலகையுமாக நிற்கும் வீடுகளை எண்ணி மாளாது. பலகைக்கு வண்ணம் அடித்து அடித்து அலுத்துப்போய், சில ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் வெள்ளை நிற பிவிசி பிளாஸ்டிக் பட்டைகளை வரிசையாக அடித்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வினைல் சைடிங் என்ற பெயரில் வீடு முழுவதையும் போர்த்துகிறார்களே, அதே குடும்பத்துச் சரக்கு. இப்போது அது மஞ்சள் பூத்து, மேற்கு வெயில் படும் பக்கம் அலையலையாக நெளிந்துவிட்டது.

"எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு நன்றாகச் சிமெண்ட் பூசிவிடலாம் தம்பி. பார்க்கக் கல்வீடு மாதிரி இருக்கும். மழைக்கும் பயமில்லை" என்றார் பெரியம்மா.

கல்வீடு மாதிரி இருக்கும் என்பது உண்மை. மழைக்குப் பயமில்லை என்பதுதான் உண்மையில்லை. சிமெண்ட் பூசினால் தண்ணீர் நுழையாது என்ற பேச்சைக் கோயில் மண்டபத்திலும் கேட்கிறேன், ஹார்ட்வேர் கடையிலும் கேட்கிறேன், வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர்களின் வாயிலிருந்தே கேட்கிறேன். சிறு கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். இந்த ஒரு நம்பிக்கையை நம்பி நல்ல மரச்சட்டங்கள் சத்தமில்லாமல் மக்கிப்போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். சுவர் மழையை உண்மையில் எப்படிச் சமாளிக்கிறது என்பது புரிந்துவிட்டால், எந்த வேலைக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதும் புரிந்துவிடும். கட்டடத் தொழில் தெரியாதவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

மழைக்கோட்டும் மண்பானையும்

மோட்டார் சைக்கிளில் போகும்போது மழை பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொள்கிறோம். அதன்மேல் விழும் நீர் ஒரு சொட்டுகூட அதற்குள் ஊறாது. வழிந்து ஓடிவிடும். ஆனால் கழுத்து, கை, பொத்தான் வரிசை என்று திறப்புகள் உண்டு. அவற்றின் வழியே கொஞ்சம் நீர் உள்ளே போகத்தான் செய்யும். போன நீர், கோட்டுக்கும் சட்டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் இறங்கிக் கீழே சொட்டிவிடும். வினைல் சைடிங் செய்வது இதே வேலை.

இனி மண்பானை. நீர் ஊற்றி வைத்த கொஞ்ச நேரத்தில் வெளிப்புறம் வியர்க்கிறது. பானையில் ஓட்டை இல்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே நீர் ஊறி வெளியே வந்து ஆவியாகிறது. சிமெண்ட் பூச்சு இந்தப் பானையின் சாதி. மழை பெய்யும்போது ஊறும்; வெயில் அடித்தால் விட்டுவிடும். ஊறுவது அதன் குறையில்லை, குணம்.

வீட்டின் வெளிப்புறத்தில் மழையை முதலில் வாங்கிக்கொள்ளும் அடுக்கை வெளியுறை என்போம். பலகையானாலும் பிவிசி பட்டையானாலும் சிமெண்ட் பூச்சானாலும் வெளியுறைதான். மரச்சட்டத்தின்மேல் கம்பி வலை அடித்து, சிமெண்டும் மணலும் சுண்ணாம்பும் கலந்து பூசும் வெளியுறைக்கு மேல்நாட்டில் ஸ்டக்கோ என்று பெயர்.

மழைக்கோட்டுக்குப் பதில் மண்பானையைப் போட்டுக்கொள்வதுதான் பெரியம்மா கேட்டது. தவறில்லை, செய்யலாம். ஆனால் மழைக்கோட்டுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு மண்பானைக்குப் போதாது.

அத்தாப்பு வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது

ஓலைக் கீற்று வேய்ந்த அத்தாப்புக் கூரையின் கீழ் நின்று மேலே பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு நினைவிருக்கும். கீற்றுகளின் இடுக்கில் வானம் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆனால் மழை ஒழுகாது. ஒட்டும் பசை இல்லை, தார் இல்லை. மேல் கீற்று கீழ்க் கீற்றின்மேல் ஏறிப் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். மேலே விழுந்த சொட்டு கீழே இருக்கும் கீற்றின் முதுகில் இறங்கி, அதற்குக் கீழே இருப்பதன் முதுகில் இறங்கி, கூரையின் விளிம்பான இறவாரத்தில் போய் விழுகிறது. ஒரே ஒரு கீற்றை முறை மாற்றி மேலதைக் கீழே செருகிவிட்டால் அந்த இடம் ஒழுகும்.

மழையைச் சமாளிக்கும் கலையின் அடிப்படை இந்த ஏறுமுறைதான். மேலே இருப்பது எப்போதும் கீழே இருப்பதன் வெளிப்பக்கம் விழ வேண்டும். தகரக் கூரையும் ஓட்டுக் கூரையும் பலகைச் சுவரும் இந்த விதியில்தான் நிற்கின்றன. வினைல் சைடிங்கும் அப்படியே. ஒவ்வொரு பட்டையின் அடிவிளிம்பும் கீழ்ப் பட்டையின் தலையில் கொக்கி போல மாட்டிக்கொள்கிறது. அடிவிளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். பலர் அதைத் தொழிற்சாலைக் குறை என்று நினைத்துச் சிலிக்கோன் வைத்து அடைத்துவிடுகிறார்கள். உள்ளே போன நீர் வெளியேறுவதற்காக வேண்டுமென்றே வைத்த துளைகள் அவை. அடைக்காதீர்கள்.

பெரியம்மா வீட்டில் பட்டை நெளிந்ததற்கும் காரணம் உண்டு. பிவிசி வெயிலில் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். பன்னிரண்டு அடிப் பட்டை ஒன்று அரை அங்குலம் வரை கூடக் கூடும், குறையும். அதனால்தான் ஆணி அடிக்கும் இடத்தில் துளைக்குப் பதிலாக நீளமான பிளவு இருக்கிறது. பிளவின் நடுவில் ஆணியை அடித்து, ஆணித் தலைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டுவிட வேண்டும். பட்டையைத் தொங்கவிட வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது. இங்கே வேலை செய்தவர் பலகைக்கு அடிப்பது போல ஓங்கி அடித்துவிட்டார். நகர இடமில்லாத பட்டை வேறு என்ன செய்யும்? வளைந்துவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம்: எந்த வெளியுறையும் முழுக்கத் தண்ணீரைத் தடுப்பதில்லை. வினைல் மழையைச் சிதறடித்து, தப்பி வந்ததை வடியவிடுகிறது. பூச்சு மழையை ஊறவைத்துப் பிறகு காயவிடுகிறது.

ஈரம் மேலேயும் ஏறும்

நீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்று நாம் நினைக்கிறோம். சுவருக்குள் அது எல்லாப் பக்கமும் போகும்.

மண்ணெண்ணெய் விளக்கின் திரியைப் பாருங்கள். எண்ணெய் அடியில், சுடர் நுனியில். திரியின் நூலிழைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடுக்குகள் எண்ணெயைத் தாமாகவே மேலே இழுக்கின்றன. மிகக் குறுகிய இடுக்குகளில் நீர் இப்படி ஏறுவதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். சிமெண்ட் பூச்சிலும் செங்கல்லிலும் மரத்திலும் இந்த இடுக்குகள் கோடிக்கணக்கில் உண்டு. ஆகவே பூச்சு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது திரி. மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே இருக்கும் மரத்திடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மழை பெய்யாத மாதத்திலும் கொடுக்கும்.

காற்று இன்னொரு கை. சாயங்காலப் புயல் மழையில் காற்று சுவரை ஓங்கி அறையும்போது வெளியே அழுத்தம் கூடுகிறது, சுவருக்குள் குறைவாக இருக்கிறது. உறிஞ்சுகுழல் வைத்து இளநீர் குடிப்பது போல, இந்த அழுத்த வேறுபாடு ஒரு மயிரிழை விரிசல் வழியாகவே நீரை உள்ளே இழுத்துவிடும்.

வெயிலும் விட்டுவைப்பதில்லை. நம் நாட்டில் நான்கு மணிக்கு மழை கொட்டி, மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் சுவர் சுடுகிறது. ஊறிய பூச்சு சூடாகும்போது அதில் இருக்கும் நீர் ஆவியாகி இரு பக்கமும் போகிறது, வெளியேயும் உள்ளேயும். உள்ளே போன நீராவி குளிர்ந்த இடத்தைக் கண்டால் மறுபடியும் நீராகிவிடும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெறும் தீபகற்பம் நம்முடையது. பக்கத்துத் தைப்பிங்கில் அது 4,000 மில்லிமீட்டரைத் தொடும். காய்வதற்குக் கிடைக்கும் நேரம் நமக்குக் குறைவு. வறண்ட ஊர்களில் பூச்சுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டில் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் வெயில் மன்னித்துவிடும். அமெரிக்காவின் தென்மேற்கில் ஸ்டக்கோ வீடுகள் நீண்ட காலமாக நன்றாக இருக்கின்றன என்றால் அந்த வறட்சிக்கும் அதில் பங்கு உண்டு. அங்கிருந்து வரும் காணொளியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, 'இதே மாதிரி செய்து கொடுங்கள்' என்று கேட்பவர்கள் இதைக் கட்டாயம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மரச்சட்டத்தின்மேல் பூச்சு நிற்க வேண்டுமானால் மரத்துக்கும் பூச்சுக்கும் நடுவே முதலில் வர வேண்டியது நீர்விலக்குத் தாள். தார் ஊட்டிய தாளாகவோ அதற்கென்றே செய்த துணி போன்ற தாளாகவோ இருக்கலாம். நீரை உள்ளே விடாது, நீராவியை மட்டும் மெல்ல வெளியே விடும். சாதாரண பாலித்தீன் தாள் இதற்கு ஆகாது. அது நீராவியையும் அடைத்துவிடும். தாளை அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி அடிக்க வேண்டும், அத்தாப்பு முறையில், மேல் தாள் கீழ்த் தாளின்மேல் விழும்படி. அமெரிக்கக் கட்டட விதிகள் பூச்சுக்கு இரண்டு அடுக்குத் தாள் கேட்கின்றன. அதற்கு நல்ல காரணம் உண்டு. ஈரப் பூச்சு வெளித் தாளைப் பிடித்துக்கொள்ளும். காயும்போது அந்தத் தாள் சுருங்கி நெளிந்து, இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடுக்குகளை உண்டாக்கும். தப்பி வந்த நீர் அந்த இடுக்கில் இறங்கிவிடும். ஒற்றைத் தாளானால் பூச்சு அதையே பிடித்துக்கொள்ளும், நீருக்கு இறங்க வழியிருக்காது.

நம்மைப் போன்ற மழை நாட்டுக்கு இதற்கும் மேலே ஒரு படி போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தாளின்மேல் செங்குத்தாக ரீப்பர் எனும் மெல்லிய மரக்கட்டைகளை அடித்து, பத்து மில்லிமீட்டருக்குக் குறையாத காற்று இடைவெளி விட்டு, அதற்கு வெளியே பின்தாள் ஒட்டிய கம்பி வலையோ சிமெண்ட் பலகையோ வைத்து, பிறகு பூச்சு. அந்த இடைவெளி மழைக்கோட்டுக்கும் சட்டைக்கும் நடுவே இருப்பது போன்றதுதான். நீர் இறங்கும், காற்று ஏறும், மரம் காயும்.

கம்பி வலையைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சு மரத்தில் ஒட்டாது. வலையின் கண்களுக்குள் புகுந்து, பின்னால் சுற்றிக்கொண்டு பிடிக்க வேண்டும். கோழிக் கூண்டு வலையைச் சுவரோடு தட்டையாக அடித்துப் பூசினால் கலவை பின்னால் போகாது. வலை சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். துருப்பிடிக்காதபடி துத்தநாகப் பூச்சுக் கொடுத்த வலையாகவும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் வடிபட்டை. பூச்சு முடியும் அடிவிளிம்பில் பொருத்தும், துளைகள் உள்ள உலோகப் பட்டை அது. உள்ளே இறங்கிய நீர் வெளியேறும் வாசல். மண்ணிலிருந்து குறைந்தது நூறு மில்லிமீட்டராவது மேலே இருக்க வேண்டும். நம் ஊரில் இதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. கரையான் மண்குழாய் கட்டி ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பூச்சு மண்ணுக்குள் புதைந்திருந்தால் அது பூச்சுக்குப் பின்னால் ஏறி வீட்டைத் தின்று முடிக்கும் வரை நமக்குத் தெரியாது. பெரியம்மா வீட்டைப் போலக் கீழே செங்கல் சுவர் இருந்தால், மரமும் செங்கல்லும் சேரும் கோட்டில் வடிபட்டையைப் பொருத்தி, நீரைச் செங்கல்லுக்கு வெளியே விழவைக்கும் தகடு ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

சுருக்கமாக: மழையை மரத்துக்குப் போகவிடாமல் தடுப்பது தாள், வந்ததைக் காயவைப்பது இடைவெளி, வெளியே விடுவது வடிபட்டை. பூச்சு இவற்றுக்கு முன்னால் நிற்கும் கவசம்.

ஜன்னலின் கீழ்மூலை

பெரியம்மா வீட்டில் பட்டைகளைக் கழற்றிய அன்று பலகைகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. பழைய கட்டை, தட்டினால் மணி போலச் சத்தம். மகிழ்ச்சியாக இருந்தது. சமையலறை ஜன்னலின் இடது கீழ்மூலைக்கு வந்ததும் சத்தம் மாறியது. திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன். நனைந்த தேங்காய் நாரில் இறங்குவது போலக் கைப்பிடி வரை இறங்கிவிட்டது. வெளியே எடுத்தால் நுனியில் கறுப்பாக, காப்பிச் சக்கை போல மரம் ஒட்டிக்கொண்டு வந்தது. காளான் வாசம் வேறு. அங்கிருந்து ஓர் அடி தள்ளிப் பார்த்தால் பலகை மறுபடியும் கல் மாதிரி.

மரம் மக்குவது மழையால் நேரடியாக நடப்பதில்லை, பூஞ்சையால் நடக்கிறது. மரத்தின் உலர்ந்த எடையில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. நனைந்து நனைந்து காயும் மரம் பல தலைமுறை நிற்கும். நனைந்தபடியே இருக்கும் மரம்தான் போய்விடும். அந்த மூலையில் நடந்தது அதுதான். ஜன்னல் சட்டத்தின் மேல் தகடு இல்லை, அடியில் நீரை வெளியே தள்ளும் சரிவு இல்லை. சிலிக்கோன் மட்டும் வைத்திருந்தார்கள். அது பிளந்த பிறகு ஒவ்வொரு மழையும் அந்த மூலைக்கு ஒரு கரண்டி நீர் ஊற்றியிருக்கிறது.

இதே நிலையில், மேலே பிவிசி பட்டைக்குப் பதில் இடைவெளியில்லாத சிமெண்ட் பூச்சு இருந்திருந்தால் ஓர் அடியோடு நின்றிருக்காது. காற்று போகாது, நீர் வடியாது, சட்டம் முழுக்கப் பரவியிருக்கும்.

இது கற்பனைப் பயமில்லை. 1990களில் கனடாவின் வான்கூவர் பக்கம் பூச்சு வெளியுறை போட்ட அடுக்குமாடி வீடுகள் உள்ளே அழுகின. 1998இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையமே வைக்க வேண்டி வந்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வில்மிங்டன் நகரில் 1990களின் நடுவில், நுரைப்பலகைமேல் பூசும் செயற்கை ஸ்டக்கோ வீடுகளில் இதே கதை. நியூசிலாந்தில் இதற்கு ஒழுகும் வீடுகள் என்றே பெயர் வந்து, 2002இல் அதை ஆராய்ந்த ஹன் அறிக்கை வெளியானது. மூன்று நாடுகளிலும் பூச்சு மட்டும் குற்றவாளியில்லை. ஜன்னல் ஓரங்களில் தகடு இல்லாமை, வடிய வழியில்லாமை, இறவாரத்தை வெட்டிவிட்ட கட்டட வடிவம், நியூசிலாந்தில் பதப்படுத்தாத மரம் என்று எல்லாம் சேர்ந்து வந்த வினை.

இறவாரம் என்றதும் நம் பழைய லயங்களும் தோட்டத்து வீடுகளும் நினைவுக்கு வருகின்றன. கூரை சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கும். இன்று வீட்டைப் பெரிதாக்கும்போது முதலில் அந்த நீட்டத்தைத்தான் வெட்டுகிறோம். சுவரை நனையாமல் வைத்திருக்கும் மிக மலிவான ஏற்பாடு அது. பூச்சுக்குச் செலவழிக்க ஐயாயிரம் ரிங்கிட் வைத்திருக்கிறேன் என்று யாராவது கேட்டால், அதில் ஒரு பங்கை இறவாரத்தை நீட்டவும் கூரை நீரை வாங்கும் தண்ணீர்ப் பீலி போடவும் ஒதுக்குங்கள் என்றே சொல்வேன். சுவரின் அடியில் செம்மண் கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பீலி இல்லாத கூரை நீர் தரையில் மோதித் தெறிக்கும் உயரம் அது. அந்த உயரம் வரை உங்கள் சுவர் ஒவ்வொரு மழையிலும் இரண்டு முறை நனைகிறது.

வடகம் காய்கிறது, தயிர் உறைகிறது

அடுத்த தவறான பேச்சு: பூச்சு சீக்கிரம் காய வேண்டும், அதனால் நல்ல வெயில் நாளில் பூச வேண்டும் என்பது.

வடகம் காய்கிறது. நீர் போய்விட்டால் கெட்டியாகிறது. தயிர் காய்வதில்லை, உறைகிறது. உள்ளே ஒரு மாற்றம் நடக்கிறது. சிமெண்ட் தயிரின் பக்கம். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய போர்ட்லண்ட் சிமெண்டிலிருந்து இன்று மூட்டையில் வருவது வரை இந்தக் குணத்தில் மாற்றமில்லை. சிமெண்ட் நீரோடு வினைபுரிந்து, நுண்ணிய படிகங்கள் முளைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகிறது. இதை நீரேற்றம் என்பார்கள். நீர் சீக்கிரம் ஆவியாகிவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும். மேலே மாவு மாதிரி உதிரும், வலைப்பின்னலாக வெடிக்கும்.

ஆகவே பூசிய பின் நீர் தெளித்து ஈரமாக வைத்திருப்பதுதான் முறை. இதற்கு நீராற்றுதல் என்று பெயர். மூன்று பூச்சு முறையில் முதல் பூச்சு பத்து மில்லிமீட்டர் அளவு. அது இறுகுமுன் சீப்பு போன்ற கருவியால் கிடைமட்டமாகக் கீறிவிடுவார்கள். அடுத்த பூச்சு அந்தக் கீறலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் பூச்சும் பத்து மில்லிமீட்டர் அளவு, சுவரைச் சமமாக்க. இந்த இரண்டையும் தலா இரண்டு நாளாவது ஈரமாக வைக்க வேண்டும். இரண்டாம் பூச்சு முடிந்து ஒரு வாரம் பொறுத்துக் கடைசியாக மூன்று மில்லிமீட்டர் மெருகுப் பூச்சு. அந்த ஒரு வாரத்தில் வரும் சுருக்க விரிசல்கள் எல்லாம் வந்து முடிந்துவிடும். மெருகு அவற்றை மூடிவிடும். ஒரே நாளில் எல்லாப் பூச்சும் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவர், அந்த விரிசல்களை உங்கள் வண்ணத்தின்மேல் வரவிடுகிறார் என்று பொருள்.

மேற்குச் சுவரைக் காலையில் பூசி, கிழக்குச் சுவரை மதியத்துக்குமேல் பூசினால் கலவை நிழலில் இறுகும். நனைத்த சாக்கைத் தொங்கவிடுவது நம் பழைய கொத்தனார்கள் செய்த வேலை. இன்றும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சிமெண்ட் கூடினால் பலம் கூடும் என்று மூட்டையை அள்ளிக் கொட்டுவதும் கூடாது. சிமெண்ட் மிகுந்த கலவை அதிகம் சுருங்கும், அதிகம் வெடிக்கும். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ந்த கலவை வளைந்து கொடுக்கும், மூச்சும் விடும்.

எடையும் குளிர்சாதனமும்

எடையை யாரும் கேட்பதில்லை. பிவிசி பட்டை ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ. இருபத்துமூன்று மில்லிமீட்டர் பூச்சு ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோ. இரண்டு மீட்டர் உயரம், ஆறு மீட்டர் நீளமுள்ள பலகைப் பகுதியில் அது அரை டன்னுக்கு மேல். மூன்று பக்கமும் பூசினால் ஒரு காரை வீட்டின் சட்டத்தில் தொங்கவிட்டது போல. சட்டத்தின் அடிக்கட்டை மக்கியிருந்தால் பூச்சு இறங்கும், ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிக்கும். எனவே முதலில் மரத்தைச் சோதியுங்கள், பிறகு பூச்சைப் பேசுங்கள். பலகையை எடுத்துவிட்டு முழுக்கச் செங்கல் எழுப்ப நினைப்பவர்களுக்கு எடை இன்னும் பல மடங்கு. அடித்தளத்தை ஒரு பொறியாளர் பார்க்காமல் செய்யவே கூடாது. செங்கல்மேல் பூசும்போது மட்டும் கதை எளிது. மக்குவதற்கு அங்கே மரமில்லை, தாளும் வலையும் தேவையில்லை.

படுக்கையறையில் குளிர்சாதனம் ஓடுகிறது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐஸ் போட்ட தேநீர்க் குவளையின் வெளிப்புறம் நனைவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பைத் தொட்டு நீராகிறது. குளிர்சாதன அறையின் சுவரும் அந்தக் குவளைதான். நம் நாட்டில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே போகப் பார்க்கிறது. குளிர் நாடுகளில் இது தலைகீழ். அதனால் அங்கே சுவரின் உட்புறத்தில் பிளாஸ்டிக் தாள் அடிக்கிறார்கள். அதைப் பார்த்து இங்கேயும் உட்புறம் பிளாஸ்டிக் தாளோ வினைல் சுவரொட்டித் தாளோ ஒட்டினால், உள்ளே வந்த ஈரம் அங்கேயே நின்றுவிடும். தாளை உரித்தால் பின்னால் கறுப்புப் பூஞ்சை.

சுவர் ஏற்கெனவே ஈரமாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. தாளின் வெளிமுகம் மட்டும் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். காரணம் தெரியாமல் கெட்டியான ரப்பர் வண்ணத்தை மேலே அடித்து மூடாதீர்கள். மண்பானையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தது போலாகிவிடும்.

பழைய சிமெண்ட் தகடுகளைக் கழற்ற வேண்டிய வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைக்காதீர்கள், ரம்பம் வைத்து அறுக்காதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. தெரிந்தவர்களைக் கொண்டு முழுதாக இறக்குங்கள்.

பெரியம்மா வீட்டில் கடைசியில் செய்தது

பெரியம்மாவிடம் இரண்டு வழிகளைச் சொன்னேன். ஒன்று, காற்று இடைவெளி விட்டு இழைச்சிமெண்ட் பலகை அடித்து வண்ணம் பூசுவது. எடை குறைவு, செலவும் குறைவு. மரச்சட்ட வீட்டுக்கு என் முதல் சிபாரிசு அதுதான். மற்றொன்று, எல்லா அடுக்கும் வைத்துச் செய்யும் முழுப் பூச்சு. "பெரியப்பா கல்வீடு கட்ட ஆசைப்பட்டார் தம்பி, காசு போதவில்லை" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் நான் பேசவில்லை. சட்டத்தைச் சோதித்தோம், தாங்கும் என்று தெரிந்தது. மக்கிய மூலையை வெட்டிப் புதுக் கட்டை வைத்தோம், ஜன்னல்களுக்குத் தகடு மடித்தோம், தாள், ரீப்பர், வலை, வடிபட்டை, மூன்று பூச்சு. பெரியம்மா நாள்தோறும் காலையும் மாலையும் தானே குழாய் பிடித்து, பூச்செடிக்கு ஊற்றுவது போலச் சுவருக்கு நீர் தெளித்தார்.

வேலை முடிந்து மூன்றாம் வாரம் பெருமழை. மறுநாள் காலை தொலைபேசியில் பதற்றமாக அழைத்தார். "சுவர் அடியில் தண்ணீர் சொட்டுகிறது தம்பி. பூச்சு ஒழுகுகிறது போல."

போய்ப் பார்த்தேன். செங்கல்லும் பூச்சும் சேரும் கோட்டில், வடிபட்டையின் துளைகளிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக நீர்ச் சொட்டுகள் வந்து, தகட்டின் விளிம்பில் கொஞ்சம் தொங்கி, சுவரைத் தொடாமல் தரையில் விழுந்துகொண்டிருந்தன. உள்ளே போய்ச் சமையலறை ஜன்னலின் இடது கீழ்மூலையில் கை வைத்தேன். காய்ந்திருந்தது. பெரியம்மாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன்.